பொலிஸார் அத்துமீறினால்: திருகோணமலை மாவட்டத்தவருக்கு ஒரு வழிகாட்டி

பொலிஸாருக்கு எதிரான முறைப்பாடு எடுபடாமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் இவைதான்: அதிகாரியின் பெயர் தெரியாது, நேரம் குறித்து வைக்கவில்லை, ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை, ஒரு மாதம் கடந்துவிட்டது. உரிமை இருப்பது எல்லோருக்கும் தெரியும். எந்தக் கட்டத்தில் எந்தக் கடதாசியைக் கையில் எடுப்பது என்பதுதான் தெரிவதில்லை. அதைத்தான் இங்கே விரிவாகச் சொல்கிறோம்.

போனில் கூப்பிட்டால்

"நாளைக்கு ஒன்பது மணிக்கு ஸ்டேஷனுக்கு வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடுவார்கள். வைப்பதற்குள் நான்கு விடயம் கேளுங்கள்: பெயர், பதவி, எந்த நிலையம் அல்லது பிரிவு, கூப்பிடுவது சாட்சியாகவா சந்தேகநபராகவா. அழைப்பைக் கடிதமாகத் தரும்படியும் கேளுங்கள், கேட்பதில் தவறில்லை. சந்தேகமாக இருந்தால் அந்த நிலையத்தின் பொது இலக்கத்துக்கு எடுத்து, அப்படி ஒருவர் அங்கே இருக்கிறாரா என்று உறுதிப்படுத்துங்கள்.

போகாமல் ஒளிந்திருப்பது அவர்களுக்கே வசதி. பகலில், ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போங்கள். யார் கூப்பிட்டார், எங்கே போகிறோம் என்பதை எழுதி வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். சட்டத்தரணியுடன் போகலாம். சட்டத்தரணிகள் பொலிஸ் நிலையத்தில் தோன்றுவது பற்றி 2012இல் வர்த்தமானியில் விதிகளே வந்திருக்கின்றன. "குற்றம் செய்யாதவனுக்கு லோயர் எதுக்கு?" என்று கேட்டால் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

வீதியில்

அடையாள அட்டையைக் காட்டுங்கள், குரலை உயர்த்தாதீர்கள். சிவில் உடையில் வந்தவரிடம் அவருடைய பொலிஸ் அடையாள அட்டையைக் காட்டச் சொல்லலாம். சீருடையில் இருப்பவரின் பெயரையும் இலக்கத்தையும் மனதில் வைத்து, விலகியவுடன் போனில் பதியுங்கள். பெண்ணின் உடலைச் சோதிப்பதானால் இன்னொரு பெண்தான், கண்ணியத்தோடு சோதிக்க வேண்டும். படம் எடுப்பதானால் தள்ளி நின்று எடுங்கள், கடமைக்கு இடைஞ்சல் என்று வழக்குப் போட இடம் கொடுக்காதீர்கள். கடற்படை முகாம், துறைமுக வாசல் பக்கம் கமராவைத் திருப்பவே வேண்டாம்.

போக்குவரத்துத் தண்டத்தைக் கையில் கொடுக்காதீர்கள். தண்டப்பத்திரத்தை வாங்கி 14 நாளுக்குள் தபாலகத்தில் கட்டுங்கள். பணம் கேட்டு நெருக்கினால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் இலக்கம் 1954.

வாக்குமூலம்

அதிகம் பேர் இடறுவது இங்கேதான். வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் நிர்வாக மொழி என்று அரசியலமைப்பின் 22ஆவது உறுப்புரை சொல்கிறது. ஆனால் நிலையத்தில் நீங்கள் தமிழில் சொல்ல, ஒரு கொன்ஸ்டபிள் பெயர்த்துச் சொல்ல, இன்னொருவர் சிங்களத்தில் எழுதிவிட்டு "கையெழுத்து வையுங்க" என்று புத்தகத்தைத் திருப்புவார். தமிழில் எழுதக்கூடியவர் வேண்டும் என்று அமைதியாகக் கேளுங்கள். "இப்ப ஆள் இல்லை, நாளைக்கு வாங்க" என்றால் நாளைக்கு வருவதே நல்லது. விளங்காத ஒன்றில் கையெழுத்து வைப்பதைவிட இன்னொரு பஸ் பயணம் மலிவு.

வைத்தே ஆக வேண்டிய நிலை வந்தால், கடைசி வரிக்கு நேர்கீழே, இடைவெளி விடாமல், உங்கள் கையாலேயே தமிழில் இப்படி எழுதுங்கள்: "எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. இது எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டப்படவில்லை." திகதியும் நேரமும் போட்டு, அதற்குக் கீழே கையெழுத்து வையுங்கள். வாசித்துக் காட்டியிருந்தால் யார் வாசித்தார் என்று எழுதுங்கள். வெற்றுத் தாளில் எக்காரணம் கொண்டும் வைக்காதீர்கள்.

ஏன் இவ்வளவு கவனம்? பொலிஸ் அதிகாரியிடம் சொன்ன குற்ற ஒப்புதலை உங்களுக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்று சாட்சியக் கட்டளைச் சட்டம் (25ஆவது பிரிவு) தடுக்கிறது, அது உண்மை. ஆனால் பின்னர் நீதிமன்றத்தில் நீங்கள் வேறு மாதிரிச் சொன்னால், "அன்றைக்கு இப்படித்தானே சொன்னீர்?" என்று இதே வாக்குமூலத்தை எடுத்து முரண்பாடு காட்டுவார்கள். பிழையாக எழுதப்பட்ட ஒரு நேரமோ பெயரோ போதும், உங்கள் சாட்சியம் பலமிழக்க. உங்களையே குற்றத்தில் மாட்டக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்லக் கட்டாயமில்லை.

முறைப்பாடு கொடுக்கப் போனவர் முறைப்பாட்டு இலக்கமும் திகதியும் உள்ள துண்டை வாங்காமல் வெளியே வரக்கூடாது. என்ட்ரி போட மறுத்தால் அதையே கடிதமாக எழுதி, உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்கும் அவருக்கு மேலே உள்ளவருக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அந்தப் பதிவுத் தபால் பற்றுச்சீட்டுத்தான் பிறகு உங்களுக்குச் சாட்சி.

கைது

கைது செய்யும்போதே காரணத்தைச் சொல்ல வேண்டும் என்பது அரசியலமைப்பின் 13(1)ஆவது உறுப்புரை. "சேர், என்ன குற்றத்துக்காகக் கைது செய்றீங்க?" என்று பக்கத்தில் நிற்பவர்களுக்கும் கேட்கும்படி கேளுங்கள். திமிறாதீர்கள், ஓடாதீர்கள். கைது பிழையென்றாலும் அதை நீதிமன்றத்தில்தான் உடைக்கலாம்.

பிடியாணை இல்லாமல் பிடித்தவரை, நீதிமன்றத்துக்குப் போகும் பயண நேரம் தவிர, 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். திருகோணமலை, மூதூர், கந்தளாய் என மூன்று இடத்தில் நீதவான் நீதிமன்றம் இருக்கிறது. பயணத்தைக் காரணம் காட்டி ஒரு நாளை ஓட்ட முடியாது. விடுமுறை நாளிலும் நீதவானின் வாசஸ்தலத்தில் நிறுத்துவார்கள்.

நடக்கும் தந்திரம் வேறு. "விசாரிக்கத்தான் கூட்டி வந்தோம்" என்று ஒரு இரவு வைத்திருந்துவிட்டு, மறுநாள் காலைதான் கைது செய்ததாகப் புத்தகத்தில் எழுதுவார்கள். இதை உடைக்கக்கூடியது வெளியிலிருந்து கிடைக்கும் நேரச் சான்றுதான். ஏற்றுவதைக் கண்டவர் உடனேயே வீட்டாருக்கு ஒரு மெசேஜ் போட வேண்டும்: "4.15, உப்புவெளிச் சந்தி, வெள்ளை ஜீப், தம்பியை ஏத்திட்டாங்க." அதை அழிக்காதீர்கள். ஸ்கிரீன்சொட் எடுத்து இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள். வீட்டார் உடனே நிலையத்துக்குப் போய்ப் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். தடுத்து வைக்கப்பட்டவர் உறவினரோடும் சட்டத்தரணியோடும் தொடர்புகொள்ளும் உரிமையை 2018ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், அதாவது வலிந்து காணாமல் ஆக்கப்படுவதற்கு எதிரான சட்டம், உறுதி செய்கிறது. "இங்கே இல்லை" என்று மறுத்தால் 1996 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்து மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் சொல்லுங்கள். ஆட்கொணர்வு மனுவுக்கு, அதாவது தடுத்து வைக்கப்பட்டவரை நீதிமன்றத்தின் முன் கொண்டுவரச் சொல்லிக் கேட்கும் மனுவுக்கு, கொழும்புக்கு ஓடத் தேவையில்லை, மாகாணத்துக்குள் தடுத்து வைக்கப்பட்டவருக்காக மாகாண மேல் நீதிமன்றத்திலேயே போடலாம்.

பயங்கரவாதத் தடைச் சட்டம் என்றால் கணக்கு மாறும். 72 மணித்தியாலம் வைத்திருக்கலாம். அதற்கு மேல் தடுப்புக்காவல் உத்தரவின் கீழ் மூன்று மூன்று மாதமாக நீட்டலாம், 2022 திருத்தத்தின்படி உச்சம் 12 மாதம். உதவிப் பொலிஸ் அத்தியட்சகரிடமோ அவருக்கு மேற்பட்டவரிடமோ கொடுத்த ஒப்புதல் இந்தச் சட்டத்தின் கீழ் சாட்சியமாகும். எனவே சட்டத்தரணியைக் காணும்வரை எதிலும் கையெழுத்து வைக்காதீர்கள். இந்தக் கைதுகளை 48 மணித்தியாலத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டியது பொலிஸாரின் கடமை. அறிவித்தார்களா என்று ஆணைக்குழுவின் திருகோணமலைப் பிராந்திய அலுவலகத்தில் வீட்டார் கேட்டுப் பார்க்க வேண்டும்.

அடித்தால்

சித்திரவதை செய்த அதிகாரிக்கு 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் ஏழு தொடக்கம் பத்து வருடச் சிறைத்தண்டனை வைத்திருக்கிறது. அந்தத் தண்டனை வரை போவதற்கான வழி ஆஸ்பத்திரியில் தொடங்குகிறது.

விடுவித்துவிட்டார்கள் என்றால் அன்றைக்கே மாவட்டப் பொது வைத்தியசாலைக்குப் போய் வார்ட்டில் சேருங்கள். டொக்டர் "என்ன நடந்தது?" என்று கேட்கும்போது பயத்தில் "மோட்டார் சைக்கிளால விழுந்திட்டேன்" என்று சொல்லிவிடுகிறார்கள். அது அப்படியே டிக்கெட்டில், அதாவது ஆஸ்பத்திரியில் உங்களைப் பற்றி எழுதும் பதிவில், ஏறிவிடும், பிறகு எந்தச் சட்டத்தரணியாலும் அதை அழிக்க முடியாது. யார், எங்கே, எதனால், உடம்பில் எங்கே அடித்தார்கள் என்று சொல்லுங்கள். உள்ளங்காலையும் காதையும் விட்டுவிடாதீர்கள், அங்கே பட்ட அடி வெளியே தெரியாமலும் போகலாம். சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனை வேண்டும் என்று கேளுங்கள். வெளியேறும்போது தரும் டயக்னோசிஸ் கார்ட்டைப் பத்திரமாக வையுங்கள். கண்டல் காயம் இரண்டாம் மூன்றாம் நாளில்தான் நன்றாக நிறம் காட்டும், அதனால் முதல் நாளும் மூன்றாம் நாளும் படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு அடிமட்டம் வைத்தால் அளவும் பதியும். இரத்தம் பட்ட உடுப்பைத் துவைக்காமல் கடதாசிப் பையில் போடுங்கள்.

காவலில் இருப்பவரை நீதவானிடம் கொண்டுபோகுமுன் டொக்டரிடம் காட்டுவார்கள். பொலிஸார் பக்கத்தில் நின்றால், அவரை வெளியே நிற்கச் சொல்லும்படி டொக்டரிடம் கேளுங்கள். அங்கே சொல்ல முடியாவிட்டாலும் நீதவான் முன் நின்றவுடன் வாயைத் திறந்து சொல்லுங்கள்: "ஐயா, என்னை அடித்தார்கள், சட்ட வைத்திய அதிகாரியிடம் அனுப்புங்கள்." வழக்கேட்டில் அது பதிந்ததா என்று சட்டத்தரணி பார்க்க வேண்டும். காசில்லாதவர்களுக்குத் திருகோணமலையில் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையம் இருக்கிறது.

ஒரு மாதக் கெடு

அடிப்படை உரிமை மீறல் மனுவை உயர் நீதிமன்றத்தில், மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் போட வேண்டும். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் வராது. முறைப்பாட்டுத் துண்டு ஒன்று கையில் இருந்தாலே போதும் என்று நம்பிப் பலர் ஏமாறுகிறார்கள். விசாரணை உண்மையிலேயே நடக்கிறது என்பதைக் காட்டும் கடிதமும் கேட்டு எடுங்கள். முடிந்தவர்கள் காத்திருக்காமல் மாதத்துக்குள் மனுவையே போடுவது பாதுகாப்பு. தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கும் எழுதலாம். அது ஒழுக்காற்று நடவடிக்கைக்கு உதவும், ஆனால் ஒரு மாதக் கெடுவை நிறுத்தாது.

சாட்சிகளைக் கைவிடாதீர்கள். 2006 ஜனவரி 2இல் திருகோணமலைக் கடற்கரையில் கொல்லப்பட்ட ஐந்து மாணவர்களின் வழக்கில் சந்தேகநபர்கள் 13 பேரும் 2019 ஜூலையில் போதிய சாட்சியம் இல்லையென்று விடுவிக்கப்பட்டதை இந்த ஊர் மறக்கவில்லை. சாட்சியை மிரட்டுவது 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தனிக் குற்றம். மிரட்டல் வந்தால், வந்த நாளிலேயே திகதி, நேரம், சொன்ன வார்த்தை எல்லாம் எழுதி, சாட்சியின் பெயரிலேயே பாதுகாப்புக் கேட்டு விண்ணப்பியுங்கள்.