கயிறு கட்டும்போது எங்கே நிற்பது?

சரக்குக் கப்பலில் போசனாக, அதாவது தள மாலுமிகளுக்குத் தலைமையாக, வேலை பார்க்கிறேன். துரு தட்டுவதும் பெயிண்ட் அடிப்பதும் புதுப் பையன்களுக்குத் தானாக வந்துவிடும். கப்பலைத் துறையில் கட்டுவதைத்தான் உட்காரவைத்துச் சொல்கிறேன்.

முதலில் எறிகயிறு: பெரிய கயிற்றைக் கரைக்கு இழுக்க உதவும், நுனியில் பந்து உள்ள மெல்லிய கயிறு. சுருளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை இடது கையில் தளர்வாக வைத்துக்கொள்ளுங்கள். பந்து உள்ள பாதியைக் காற்று வரும் பக்கமாகச் சற்றுத் தள்ளி எறியுங்கள். பந்துக்குள் இரும்பு நட்டு திணிக்காதீர்கள். கரையில் நிற்பவரின் மண்டை உடையும்.

பெரிய கயிற்றின் நுனி வளையமான கண்ணியைக் கரையில் மாட்டியதும் வின்ச் (கயிறு இழுக்கும் இயந்திரம்) இழுக்கத் தொடங்கும். கயிற்று வளைவுக்குள் கால் வைக்காதீர்கள். இறுகிய நைலான் கயிறு அறுந்தால் சவுக்கைப்போல் திரும்பி வரும். ஆபத்தான இடம் என்று சில கப்பல்களில் தளத்தில் கோடு போட்டிருப்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. உருளையில் மடங்கிப் போகும் கயிறு கோட்டைப் பார்த்து அறுவதில்லை. முழுத் தளத்தையுமே ஆபத்தாக எண்ணுங்கள்.

வின்ச்சிலிருந்து இரட்டைத் தூணுக்கு மாற்றும்போது ஸ்டாப்பர் (இழுவையைத் தற்காலிகமாகத் தாங்கும் துண்டு) போட்டுப் பிடியுங்கள்: கம்பி வடத்துக்குச் சங்கிலி, செயற்கை இழைக் கயிற்றுக்குக் கயிறு. பிறகு எட்டு வடிவில் சுற்றுங்கள்.

கயிறுகளில் எலித்தடுப்புத் தட்டுகளை மாட்டிவிட்டு ஏணி இறக்கப் போகலாம்.