நெல் சங்கத்துக்குப் பணிப்பாளர் தெரிவு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் நெல்லை வாங்கி விற்கும் விவசாயிகள் சங்கப் பொதுக்கூட்டங்களில் பணிப்பாளர் பதவிக்கு முதலில் முன்மொழியப்படுவது பெரும்பாலும் போடியாரின், அதாவது கூடுதல் வயலுள்ள நிலக்காரரின், பெயர்தான். "அவர் இருக்கக்குள்ள வேற யாரு?" என்று ஒருவர் சொன்னால் போதும், கைகள் உயர்ந்துவிடும். ஊரில் அவருக்குள்ள மதிப்பு நியாயமானதாகவே இருக்கலாம். ஆனால் பணிப்பாளருக்கு வேண்டியது கணக்கைப் பார்த்துக் கேள்வி கேட்கும் திறன்.

ஒரு கணக்கைக் கொடுத்துப் பாருங்கள். 20 சதவீத ஈரப்பதனுள்ள 1000 கிலோ நெல்லை வாங்கி, களஞ்சியப்படுத்த ஏற்ற 14 சதவீதத்துக்குக் காயவைத்தால் மிஞ்சுவது ஏறக்குறைய 930 கிலோ. கிலோ 100 ரூபாய்க்கு வாங்கியிருந்தால் காய்ந்த நெல்லின் அடக்கவிலை 107 ரூபாய் 50 சதம். காயவைத்த கூலி, சாக்கு, ஏற்றுக்கூலி தனி. அதை 105 ரூபாய்க்கு விற்றுவிட்டு "கிலோவுக்கு ஐந்து ரூபாய் லாபம்" என்று முகாமையாளர் அறிக்கை வாசித்தால், அது நட்டம் என்று பணிப்பாளர் சபையில் ஒருவருக்காவது பிடிபட வேண்டும். இருப்பேட்டில் 150 கிலோ குறைந்திருந்தால், காய்ந்து போனது 70, மீதி 80 எங்கே என்று கேட்கவும் ஆள் வேண்டும்.

சந்தை தெரிந்தவர் என்று ஆலைக்காரரையோ உரக்கடைக்காரரையோ சபையில் அமர்த்துவது இதைவிடப் பெரிய தவறு. சங்கம் எந்த விலைக்கு இறங்கி வரும் என்பது வாங்குபவருக்கே முன்கூட்டித் தெரிந்துவிடும். ஆலோசனை தேவையென்றால் ஒரு நாள் அழைத்துக் கேளுங்கள், வாக்கு வேண்டாம். சங்கக் கடனைத் திருப்பாதவர்களும் முகாமையாளரின் நெருங்கிய உறவினர்களும் அப்படித்தான். முன்மொழிவதற்கு முன் உபவிதிகளையும் கடன் நிலுவைப் பட்டியலையும் பார்த்துவிட வேண்டும்.

எல்லாரையும் தலைப்புக் கண்டத்திலிருந்தே, அதாவது வாய்க்கால் தொடங்கும் பக்கத்து வயல்களிலிருந்தே, எடுத்துவிடாதீர்கள். உன்னிச்சைக் குளமோ நவகிரிக் குளமோ, வாய்க்காலின் கடைசிக் கண்டத்துக்குத் தண்ணீர் பிந்தினால் விதைப்பு பிந்தும், அறுவடையும் பிந்தும். அவர்களுடைய ஆள் சபையில் இல்லாவிட்டால், அவர்களின் நெல் களத்துக்கு வருமுன்பே கொள்வனவை மூடிவிடுவார்கள். குத்தகைக்குச் செய்பவர்களையும் பெண்களையும் விட்டுவிடுவதும் இதே வகைத் தவறுதான்.

கொழும்பிலிருந்துகொண்டு பெயருக்குப் பணிப்பாளராக இருப்பவர், வெற்றுக் காசோலைகளில் முன்கூட்டியே கையெழுத்திட்டு அனுப்பத் தொடங்குவார். அதனால் வாக்கெடுப்புக்கு முன் ஒவ்வொரு வேட்பாளரிடமும் நேரடியாகக் கேளுங்கள்: மாதத்தில் அரை நாள் வந்து காசேட்டையும் வங்கிக் கூற்றையும் ஒப்பிட்டுப் பார்ப்பீர்களா? தயங்குபவரின் பெயரை அப்போதே விலக்கிக்கொள்ளச் சொல்லலாம்.