ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 4: முதல் மேட்ச்சில் ஊர் எரியாமல் ஆடுவது எப்படி?

ஊரைக் கட்டி, படை திரட்டி, எதிரியை வீழ்த்தும் கம்ப்யூட்டர் ஆட்டமான ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 4, 2021 அக்டோபர் 28 அன்று வந்தபோது, இதற்கு முந்தைய பாகம் வெளியாகிப் பதினாறு வருடம் ஓடியிருந்தது. பழைய ஆட்டக்காரர்கள் ஆளுக்கொரு குறை சொன்னார்கள். படங்கள் கார்ட்டூன் மாதிரி இருக்கின்றன, கேமராவை இன்னும் கொஞ்சம் மேலே தூக்க முடியவில்லை, சொந்தமாக வரைபடம் உருவாக்கும் மேப் எடிட்டரைக் காணோம், தரவரிசைக்காக மோதும் ரேங்க் ஆட்டமும் இல்லை. கடைசி இரண்டும் 2022இல் வந்து சேர்ந்தன. சத்தத்தை மட்டும் யாரும் குறை சொன்னதாக நினைவில்லை. காலகட்டம் மாற மாற உங்கள் ஆட்கள் பேசும் மொழியும் பழையதிலிருந்து புதியதாக மாறிக்கொண்டே வரும். ஹெட்போன் போட்டு ஆடுங்கள்.

புதிதாக வருகிறவர்களின் புலம்பல் வேறு. "என்ன நடக்கிறது என்றே புரியவில்லை, பத்து நிமிடத்தில் ஊரை எரித்துவிட்டான்." எனக்கும் அதேதான் நடந்தது. எட்டு ஈட்டிக்காரர்களை நிறுத்தி அழகு பார்த்துக்கொண்டிருந்தேன், எதிரி முப்பது பேரோடு வந்தான். தப்பு சண்டையில் இல்லை, அதற்கு முந்தைய ஐந்து நிமிடத்தில் இருந்தது. ஆகவே இந்த விளக்கத்தில் பெரும்பகுதி அந்த ஐந்து நிமிடத்துக்குத்தான்.

படி 1: கம்ப்யூட்டர், எதிரி, நாடு

குறைந்தபட்சம் 8 ஜிபி ரேமும் டிஸ்க்கில் 50 ஜிபி இடமும் வேண்டும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பிலும் அமைப்புகளைக் குறைத்து வைத்தால் ஓடும்.

எதிரியாகக் கம்ப்யூட்டரை, அதிலும் 'ஈஸி'யைத் தேர்ந்தெடுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆட்டம் வந்தபோது இருந்த எட்டு நாகரிகங்களில் முதலில் ஆங்கிலேயர்களை எடுங்கள். விவசாய நிலம் அவர்களுக்கு மலிவு, ஊர் மக்கள் கையிலேயே வில் இருக்கும். மங்கோலியர்களுக்கு வீடே கட்ட வேண்டியதில்லை, கட்டடங்களை மூட்டை கட்டி வேறு இடத்துக்குக் கொண்டு போகலாம். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் அடிப்படைப் பழக்கம் வராது. நம் பக்கத்து ஆட்கள் என்று டெல்லி சுல்தானகத்தை எடுத்தால், ஆராய்ச்சிகள் இலவசம்தான், ஆனால் மிக மெதுவாக நடக்கும். பத்து ஆட்டம் போகட்டும். (சோழர்களைத் தேடுகிறவர்கள் இரண்டாம் பாகத்துக்குப் போக வேண்டும். 2022இல் வந்த இந்திய வம்சங்கள் தொகுப்பில் ராஜேந்திரன் பெயரிலேயே ஒரு கதைத் தொடர் இருக்கிறது.)

படி 2: முதல் ஒரு நிமிடம்

ஆட்டம் தொடங்கும்போது ஊரின் மையக் கட்டடமான ஒரு டவுன் சென்டர், வேலை செய்யும் ஊர் மக்களான ஆறு வில்லேஜர்கள், குதிரையில் வேவு பார்க்கும் ஒரு ஸ்கவுட். கடிகாரம் ஓட ஆரம்பித்துவிட்டது, வேடிக்கை பார்க்க நேரமில்லை.

'எச்' கீயை அழுத்தினால் டவுன் சென்டர் தேர்வாகும். உடனே 'கியூ' அழுத்தி வில்லேஜர்களை வரிசையில் போடுங்கள். ஒருவருக்கு 50 உணவு, 20 வினாடி. ஆறு பேரையும் பக்கத்தில் நிற்கும் செம்மறி ஆட்டுக்கு அனுப்புங்கள். அப்புறம் அதில் ஒருவரை மட்டும் எடுத்து வீடு கட்டச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு ஏன் இத்தனை அவசரம்? டவுன் சென்டர் பத்துப் பேரைத்தான் தாங்கும். ஆறும் ஒன்றும் ஏழு. இன்னும் மூன்று பேர், அதாவது சரியாக ஒரு நிமிடம். அதற்குள் வீடு எழும்பாவிட்டால் உற்பத்தி நின்றுவிடும். ஒவ்வொரு வீடும் பத்துப் பேருக்கு இடம் தரும், 50 மரம் கேட்கும்.

ஸ்கவுட்டை ஊரைச் சுற்றி வட்டமாக ஓட்டுங்கள். அங்கங்கே நிற்கும் ஆடுகளின் அருகே போனால் அவை பின்னாலேயே வரும். நாலைந்து சேர்ந்ததும் டவுன் சென்டர் வாசலில் கொண்டுவந்து விடுங்கள்.

படி 3: ஐந்தாவது நிமிடம் வரை

இங்கேதான் எல்லாரும் கோட்டை விடுகிறோம். டவுன் சென்டர் சும்மா நிற்கக் கூடாது, அவ்வளவுதான் விஷயம். நிமிடத்துக்கு மூன்று வில்லேஜர் என்று வைத்துக்கொண்டால், இரண்டு நிமிடம் மறந்துபோனால் ஆறு பேர் குறைவு. நீங்கள் ஆரம்பித்ததே ஆறு பேரோடுதான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

புதிதாக வருகிறவர்களில் முதல் மூன்று பேர் தங்கத்துக்கு. தோண்டியதைக் கொண்டுவந்து சேர்க்கப் பக்கத்திலேயே மைனிங் கேம்ப் கட்டச் சொல்லுங்கள். அடுத்து வருகிறவர்கள் மரத்துக்கு, வெட்டிய மரத்தைச் சேர்க்கக் காட்டோரம் ஒரு லம்பர் கேம்ப். காட்டை ஒட்டியே கட்டுங்கள். நான்கு கட்டம் தள்ளிக் கட்டினால், மரம் வெட்டுவதைவிடச் சுமந்து நடப்பதிலேயே அவர்கள் பொழுது போய்விடும்.

வேலையில்லாமல் யாராவது நின்றால் முற்றுப்புள்ளி கீயை அழுத்துங்கள், ஆள் அகப்படுவார். மக்கள் தொகை எண்ணை அடிக்கடி பாருங்கள். இன்னும் நான்கைந்து பேருக்குத்தான் இடம் என்றால் அடுத்த வீட்டுக்கு நேரம் வந்துவிட்டது.

400 உணவும் 200 தங்கமும் சேர்ந்ததும் அடுத்த காலகட்டத்துக்குப் போகலாம். இந்தப் பாகத்தில் பொத்தானை அழுத்திக் காத்திருக்கும் கதை இல்லை. இரண்டு நினைவுக் கட்டடங்களில் (லேண்ட்மார்க்) ஒன்றைத் தேர்ந்தெடுத்து, வில்லேஜர்களை வைத்துக் கட்ட வேண்டும். கவுன்சில் ஹாலைக் கட்டுங்கள், நான்கைந்து பேரை அனுப்பினால் சீக்கிரம் முடியும். நீள வில் ஏந்திய லாங்போ வில்லாளிகள் அதிலிருந்து வேகமாக வெளியே வருவார்கள். முதல் தடவை ஏழு நிமிடம் ஆனாலும் பரவாயில்லை. வில்லாளிகளை உருவாக்க மரமும் வேண்டும் என்பதால், இனி வரும் வில்லேஜர்களில் பாதிப் பேரை மரத்துக்கே அனுப்புங்கள்.

படி 4: சண்டை

ஈட்டி குதிரையைக் கொல்லும், குதிரை வில்லைக் கொல்லும், வில் ஈட்டியைக் கொல்லும். இப்போதைக்கு இது போதும். பதினைந்து வில்லாளிகளும், அவர்களைக் குதிரையிடமிருந்து காக்க ஆறேழு ஈட்டிக்காரர்களும் சேர்ந்ததும் கிளம்புங்கள். கன்ட்ரோல் கீயோடு ஒரு எண்ணை அழுத்திப் படையைக் குழுவாக்கிவிட்டால், பிறகு அந்த எண் ஒன்றே போதும்.

காட்டுக்குள் படை ஒளிந்திருக்கலாம், பார்த்துப் போங்கள். எதிரியின் நினைவுக் கட்டடங்கள் எல்லாம் விழுந்தால் வெற்றி. வீரர்கள் தீப்பந்தம் வீசிக் கட்டடத்தை எரிப்பார்கள். கல் மதிலிடம் அந்தப் பாச்சா பலிக்காது, அதற்கு முற்றுகைக் கருவி வேண்டும்.

படை நடக்கும்போதும் 'எச்', 'கியூ'. சண்டை நடக்கும்போதும் 'எச்', 'கியூ'. விரல் தானாகப் போகும்வரை.

படி 5: முடிந்த பிறகு

ஜெயித்தாலும் தோற்றாலும் உடனே அடுத்த ஆட்டத்தைத் தொடங்காதீர்கள். ஆட்டத்தின் பதிவான ரீப்ளேயைப் போட்டு முதல் பத்து நிமிடத்தை மட்டும் பாருங்கள். இடைவிடாமல் உற்பத்தி நடந்திருந்தால், பத்தாவது நிமிடத்தில் முப்பத்தாறு வில்லேஜர்கள் இருந்திருக்க வேண்டும். என் முதல் ஆட்டத்தில் பதினேழு பேர். முப்பதைத் தொட்டதும் எதிரியை 'இன்டர்மீடியட்'டுக்கு மாற்றுங்கள்.