நட்சத்திரங்களைப் படிப்பதும் போடுவதும்: புதுவை, கடலூர் பயணிகளுக்கு ஒரு வழிகாட்டி

புதுச்சேரியில் வார இறுதிக்கு அறை தேடுகிறவர்களில் பலர், கூகுள் மேப்ஸைத் திறந்தவுடன் 4.5-க்குக் கீழே உள்ள இடங்களை ஒதுக்கிவிட்டுத்தான் மேற்கொண்டு பார்க்கத் தொடங்குகிறார்கள். இந்தப் பழக்கம் நல்ல இடங்கள் சிலவற்றைக் கண்ணில் படாமலே செய்துவிடுகிறது. சில நேரம் சுமாரான இடமொன்றைத் தலையில் கட்டியும் விடுகிறது. சராசரி எண்ணைக் கடைசியாகப் பார்ப்பதே சரியான வரிசை என்பது என் கருத்து. எத்தனை பேர் மதிப்பிட்டார்கள், அவர்கள் கொடுத்த நட்சத்திரங்கள் எப்படிப் பரவியிருக்கின்றன, குறைத்துப் போட்டவர்கள் எதற்காகக் குறைத்தார்கள் ஆகிய மூன்றையும் அதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

ஒரு குழப்பத்தை முதலிலேயே தீர்த்துக்கொள்ளலாம். ஒரு விடுதியின் பெயருக்குக் கீழே 4.2 என்றும், பக்கத்திலேயே 3 நட்சத்திர விடுதி என்றும் இருந்தால் அவை இரண்டும் வெவ்வேறு கணக்குகள். பின்னது வசதிகளை ஒட்டிய வகைப்பாடு. இந்தியாவில் அதை ஆய்வு செய்து முறைப்படி வழங்குவது மத்திய சுற்றுலா அமைச்சகம். முன்னது, தங்கியவர்களும் தங்காதவர்களும் சேர்ந்து கொடுத்தது.

எண்ணிக்கையிலிருந்து தொடங்குவோம். ஒயிட் டவுனில் புதிதாகத் திறந்த விருந்தினர் இல்லம் ஒன்றுக்கு 12 பேர் மட்டுமே மதிப்பிட்டு, அனைவரும் 5 கொடுத்திருந்தால் அதன் சராசரி 5.0. அடுத்த தெருவில் 900 பேர் மதிப்பிட்ட பழைய விடுதியின் சராசரி 4.3 என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் யாரோ 10 பேர் தலா 3 கொடுத்ததாகக் கற்பனை செய்து சேர்த்துப் பாருங்கள். முன்னது 22 பேருக்கு 90 என்றாகி, ஏறக்குறைய 4.1-க்கு இறங்கிவிடும், பின்னது 910 பேருக்கு 3,900 என்றாகி, 4.29-இல், கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே நிற்கும். ஐஎம்டிபி தளம் தன் முதல் 250 படங்களின் பட்டியலை வகுக்கும்போது, குறைந்த வாக்குகள் பெற்ற படத்தைப் பொதுச் சராசரியை நோக்கி இழுப்பதும் இதே அடிப்படையில்தான். அமேசானும் வெறுமனே கூட்டி வகுத்த சராசரியைக் காட்டுவதில்லை. மதிப்பீடு எவ்வளவு அண்மையது, பொருளை உண்மையில் வாங்கியவர் போட்டதா என்பனவற்றையும் அது கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

அடுத்தது, 5 முதல் 1 வரை அடுக்கிக் காட்டப்படும் பட்டைகள். சராசரி 4.0 என்பது இரண்டு விதமாக வரலாம். எல்லோருமே 4 போட்டிருக்கலாம். அல்லது நால்வரில் மூவர் 5-உம் ஒருவர் 1-உம் போட்டிருக்கலாம். முதல் விடுதியில் பெரிய ஏமாற்றம் இராது. இரண்டாவதில் நால்வரில் ஒருவருக்கு இரவு பாழாகியிருக்கிறது. பொதுவாகவே இந்தப் பட்டைகள் 5-இல் நீண்டும், 1-இல் சற்றே எழும்பியும், நடுவில் ஒடுங்கியும் இருக்கும். மிகவும் மகிழ்ந்தவரும் மிகவும் கொதித்தவருமே எழுத உட்காருகிறார்கள் என்பதுதான் காரணம். பெரும்பாலான காணொளிகளுக்கு 5 நட்சத்திரமே விழுகிறது என்பதை 2009-இல் வெளிப்படையாகச் சொன்ன யூடியூப், மறு ஆண்டே கட்டைவிரல் குறிக்கு மாறியது. நெட்ஃபிளிக்ஸ் 2017-இல் நட்சத்திரத்தைக் கைவிட்டது. ஆகவே 3, 4 நட்சத்திரம் கொடுத்தவர்கள் எழுதியதை முதலில் படியுங்கள். "அறை சுத்தம், வெந்நீர் காலையில் மட்டும், மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை" என்று ஒருவர் எழுதியிருந்தால், முழங்கால் வலியுள்ள அம்மாவை அழைத்துச் செல்கிறவருக்கு அந்த ஒரு வரி போதும்.

அதன் பிறகே ஒற்றை நட்சத்திரங்களுக்கு வர வேண்டும். இங்கேதான் நிதானம் அதிகம் தேவைப்படுகிறது, ஏனெனில் குறைத்துப் போட்ட நட்சத்திரங்களில் கணிசமானவை அந்த இடத்தின் குறைக்காகப் போடப்பட்டவையே அல்ல. புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் மாலை முதல் மறுநாள் காலை வரை வாகனங்களுக்கு அனுமதி இல்லை. அதை அறியாமல் காரில் வந்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்க நேர்ந்தவரின் கோபம் விடுதியின் கணக்கில் ஏறுகிறது. மீன் சாப்பாட்டுக்குப் பெயர்போன கடலூர் உணவகம் ஒன்றில் "வஞ்சிரம் இல்லை, இருந்த மீனும் கொள்ளை விலை" என்று ஒருவர் 1 போட்டிருந்தால், உடனே தேதியைப் பாருங்கள். கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்களுக்கு விசைப்படகுகள் மீன்பிடிக்கச் செல்லத் தடை உண்டு. மே மாதத்தில் வந்து அப்படி எழுதியவர் சமையலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சுக்கு "தண்ணீரில் இறங்க விடவில்லை" என்று நவம்பர் கடைசியில் விழும் நட்சத்திரமும் அத்தகையதே. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் புயல் எச்சரிக்கை வந்தால் வேறு எப்படி நடக்கும்?

மாறாக, மெத்தையில் மூட்டைப்பூச்சி, முன்பணத்தைத் திருப்பித் தராமை, பில்லில் சொல்லாத கட்டணம் போன்ற புகார்கள், வெவ்வேறு மாதங்களில் வெவ்வேறு ஆட்களிடமிருந்து வந்திருந்தால், சராசரி 4.6 ஆக இருந்தாலும் அவற்றை நம்பலாம். இத்தகைய புகாருக்கு உரிமையாளர் எழுதிய பதிலையும் தவறாமல் படியுங்கள். என்ன சரிசெய்தார் என்று சொல்கிறாரா, வந்தவரையே திட்டுகிறாரா, எல்லோருக்கும் ஒரே நன்றி வாசகத்தை ஒட்டுகிறாரா என்பதிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

பொய் மதிப்பீடுகளை முற்றிலும் தவிர்க்க முடியாது; ஆனால் சில அடையாளங்கள் உண்டு. ஒரே வாரத்தில் கொத்தாக விழுந்த 5-கள், எந்த விவரமும் இல்லாத ஒரே மாதிரி புகழ்ச்சி, இந்த ஒன்றைத் தவிர வேறெதையும் மதிப்பிட்டிராத கணக்குகள் ஆகியவை சேர்ந்து காணப்பட்டால், "புதியவை" என்ற வரிசைக்கு மாற்றி, அவற்றுக்கு முந்தைய மாதங்களைப் பாருங்கள். இணைய விமர்சனங்களைச் சேகரிப்பது, சரிபார்ப்பது, வெளியிடுவது குறித்து இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2022 நவம்பரில் ஐஎஸ் 19000 என்ற தரநிலையைக் கொண்டுவந்தது. காசு கொடுத்து எழுதி வாங்கிய விமர்சனங்களுக்கு அதில் இடமில்லை. எனினும் அது கட்டாயமாக அல்லாமல் விருப்பத்தின் பேரில் பின்பற்றும்படியே வெளியிடப்பட்டது என்பதால், அதை மட்டும் நம்பி இருந்துவிட முடியாது. பணம் கட்டி ஏமாந்திருந்தால், நட்சத்திரத்தைக் குறைப்பதோடு நிற்காமல், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைப்பது பயனுள்ளது.

இனி, நாம் நட்சத்திரம் போடும் முறை. மற்றவர்கள் என்ன கொடுத்திருக்கிறார்கள் என்று பார்ப்பதற்கு முன்பே உங்கள் எண்ணை முடிவு செய்துகொள்ளுங்கள். 2013-இல் சயன்ஸ் இதழில் வெளியான ஓர் ஆய்வில், செய்தித் தளம் ஒன்றின் பின்னூட்டங்களுக்குத் தொடக்கத்திலேயே ஒரே ஒரு பொய் ஆதரவு வாக்கைச் சேர்த்தபோது, அவற்றின் இறுதி மதிப்பெண் சராசரியாக 25 விழுக்காடு உயர்ந்தது. முன்னால் நிற்கும் எண் நம் கையை இழுக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

பலர் 3 என்பதைத் தேர்ச்சி மதிப்பெண்ணாக எண்ணி, திருப்தியாகச் சாப்பிட்டுவிட்டும் அதையே கொடுக்கிறார்கள். சுற்றியுள்ள கடைகள் எல்லாம் 4-க்கு மேலே நிற்கும்போது, அந்த 3 படிப்பவருக்குப் புகாராகவே தெரியும். திருப்தி என்றால் 4 கொடுப்பதே நியாயம். ஒற்றை நட்சத்திரத்தின் எடையையும் உணர்ந்து போட வேண்டும். சராசரி 4.5 உள்ள இடத்துக்கு ஒரு 1 விழுந்தால், அது மீண்டும் 4.5 ஆக ஏழு 5-கள் வேண்டும். 20 பேரே மதிப்பிட்டிருக்கும் சிறிய மெஸ்ஸுக்கு இது பெரிய அடி. ஏசி இல்லை என்பதற்காக ஒரு மெஸ்ஸைத் தண்டிப்பது எனக்கு ஒருபோதும் சரியாகப் பட்டதில்லை. பழைய சாம்பாரை ஊற்றினால் தாராளமாகக் குறைக்கலாம். வீட்டுக்கு வரவழைத்த சாப்பாடு ஆறிப்போயிருந்தால், கொண்டுவந்தவருக்கான மதிப்பீட்டையும் சமைத்தவருக்கான மதிப்பீட்டையும் பிரித்தே கொடுங்கள். ஸ்விக்கி, சொமேட்டோ இரண்டிலும் அதற்குத் தனித்தனி இடம் உண்டு.

நட்சத்திரத்தோடு இரண்டு வரியாவது எழுதுங்கள். எந்த மாதம் போனீர்கள், எத்தனை பேர், என்ன சாப்பிட்டீர்கள் அல்லது எந்த வகை அறை, எவ்வளவு ஆயிற்று என்பவை போதும். நீங்கள் சொன்ன குறையை உரிமையாளர் பின்னர் சரிசெய்துவிட்டதாகத் தெரிந்தால், கூகுள் மேப்ஸில் உங்கள் பங்களிப்புகள் என்ற பகுதிக்குச் சென்று, பழைய விமர்சனத்தைத் திறந்து, எண்ணையும் வரியையும் திருத்திவிடலாம். புதிதாக எழுத வேண்டியதில்லை.