மலைநாட்டு வீட்டுக்கு சென்ட்ரல் ஏசி: குளிர் தானா வரும், தண்ணிய நீங்க பாருங்க

"மலைநாட்டுல எதுக்கு ஏசி"ன்னு கேக்கிற ஆளு ஏப்ரல் மாசம் மத்தியானம் ரெண்டு மணிக்கு கண்டி டவுன்ல நடந்து பாத்ததில்ல. நுவரெலியா 1868 மீற்றர், அங்க சுவெட்டர் போதும், கண்டி அதுல மூணுல ஒரு பங்கு கூட இல்ல, 500 மீற்றர் சொச்சம் தான், கட்டுகஸ்தோட்டை, திகன பக்கம் கோடையில மூடி வெச்ச வீடு அப்படியே வேகும். எங்க பெரியம்மா மகன் கட்டார்ல ரொம்ப வருசம் இருந்துட்டு வந்து திகனயில வீடு கட்டுனாரு, அங்க பழகின பழக்கத்துக்கு ரூம் ரூமா செவுத்துல ஏசி மாட்டாம வீடு முழுக்க டக்ட், அதாவது குளிர்க்காத்து போற பெரிய குழாய், ஓட்டி சென்ட்ரல் ஏசியே போட்டாரு, போட்டுட்டு திரும்ப கட்டாருக்கே போயிட்டாரு. சாவி என் கையில. அப்ப எனக்கு ஏசின்னா ரிமோட்ல கூட்டுறது குறைக்கிறது மட்டும் தான் தெரியும்.

மொத வருசம் நவம்பர்ல அண்ணனோட கூட்டாளிங்க ஒரு வாரம் வந்து தங்கி ராப்பகலா ஓட விட்டுட்டு போனாங்க. அடுத்த நாள் போய் கதவத் தொறந்தா பெரிய ரூம் சீலிங்ல ஒரு ஷீட் ஊறிப் போய் கட்டில் மேல விழுந்து கெடக்கு. கூரை ஒழுகுதுன்னு நெனச்சு கூரை வேல செய்ற பாஸ கூட்டிட்டு வந்து மேல ஏத்தி விட்டேன், அவரு டோர்ச் அடிச்சு பாத்துட்டு "கூரையில ஒண்ணும் இல்ல தம்பி, உங்க மெஷின் தான் படுக்கையில ஒண்ணுக்கு போயிருக்கு"ன்னு சொல்லிட்டு எறங்கிட்டாரு. போட்ட ஆளுங்க தண்ணி போற பைப்ப சரிவே இல்லாம மட்டமா ஓட்டிட்டு போயிருக்காங்க, அதுல பாசி புடிச்சு அடைச்சு தட்டு நெறஞ்சு வழிஞ்சிருக்கு. அதுல இருந்து தான் நான் இந்த விசயத்துல தல குடுக்க ஆரம்பிச்சேன்.

மொதல்ல அமைப்ப புரிஞ்சுக்குங்க. வெளிய ஒரு பெட்டி, அதுல கொம்ப்ரசர், அவுட்டோர்னு சொல்றது. சீலிங்குக்கு மேல இன்னொரு பெட்டி, அதுல கொயிலும், அதாவது குளிர்ற குழாய்ச் சுருளும், ஃபேனும். ஹோல்ல பெரிய கிறில் ஒண்ணு இருக்கும், அது தான் ரிட்டர்ன், வீட்டுக் காத்த உள்ள இழுக்கிறது அது, அனேகமா பில்டர் அதுக்குப் பின்னால தான் இருக்கும். இழுத்த காத்து சில்லுன்னு இருக்கிற கொயில் வழியா போய் டக்ட்ல ஏறி ஒவ்வொரு ரூம் சின்னக் கிறிலாலயும் எறங்கும். அப்படி குளிரும் போது காத்துல இருக்கிற ஈரம் கொயில்ல வேர்த்து கீழ தட்டுல சொட்டும், ஐஸ் தண்ணி போத்தல மேசையில வெச்சா வெளிப்பக்கம் வேர்க்குமே, அதே தான். நம்ம பக்கம் மே கடைசியில இருந்து செப்டம்பர் வரைக்கும் தென்மேற்கு, டிசம்பர்ல இருந்து பெப்ரவரி வரைக்கும் வடகிழக்கு, நடுவுல ஒக்டோபர் நவம்பர் இடி மழை, காத்து காஞ்சு கெடக்கிற நாளு கொஞ்சம் தான். அதனால ஈரமான நாள்ல அந்தத் தட்டுல விழுற தண்ணி சொட்டு இல்ல, வாளிக் கணக்கு.

அந்தத் தட்டுத் தண்ணி வெளிய போற ட்ரெயின் பைப்ப பாக்கிறது தான் மொத வேல. சீலிங்குக்கு மேல ஏறுறதுக்கு முன்னால ஏசி பிரேக்கர ஓஃப் பண்ணுங்க, தெர்மோஸ்டட்ல ஓஃப் பண்ணா போதும்னு நெனைக்காதீங்க. மேசன் பாஸ் யார்கிட்டயாவது லெவல் ஒண்ணு இரவல் வாங்கி பைப் மேல வெச்சுப் பாருங்க, ஒரு மீற்றருக்கு ஒரு சென்ரிமீற்றராவது எறக்கம் இருக்கணும், நடுவுல தொய்ஞ்சு இருந்தா கிளிப் அடிச்சு தூக்குங்க. பெட்டிய விட்டு வெளிய வர்ற எடத்துல பைப் 'ப' மாதிரி ஒரு வளைவு எடுத்து போகணும், அதுல எப்பவும் கொஞ்சம் தண்ணி நிக்கும், அது இல்லன்னா ஃபேன் இழுக்கிற இழுப்புக்கு வெளிக்காத்து பைப் வழியா உள்ள வந்து தண்ணிய எறங்க விடாது. நெறய வீட்டுல இந்த வளைவே இல்ல, பைப் மிச்சம் புடிச்சிருப்பாங்க போல.

மாசத்துக்கு ஒரு தடவ பைப் மூடியத் தொறந்து ஒரு கப் வினாகிரி ஊத்துங்க, அர மணித்தியாலம் விட்டுட்டு வெதுவெதுன்னு தண்ணி ஊத்தி, வெளி மொனையில ஓடி வருதான்னு ஒரு ஆள நிக்க வெச்சுப் பாருங்க. ப்ளீச் ஊத்துற ஆளுங்க இருக்காங்க, நான் ஊத்த மாட்டேன், கொயில் பக்கம் தெறிச்சா எலுமினியத்த அரிச்சிரும், வினாகிரியோட கலந்துட்டா வர்றது விஷக் காத்து, அந்த மூடின சீலிங்குக்குள்ள நீங்க தான் இருப்பீங்க. கூழு மாதிரி வழுவழுன்னு அடைச்சுக் கெடந்தா வெளி மொனையில வெட் வேக்கியூம் வெச்சு இழுத்தா ஒரே இழுப்புல வந்துரும், வாய் வெச்சு ஊதுறத பாத்திருக்கேன், வேணாம்.

இன்னொண்ணு, மெயின் தட்டுக்குக் கீழ ரெண்டாவது தட்டு ஒண்ணும் அதுல மிதவ சுவிட்ச் ஒண்ணும் இருக்கணும், தண்ணி டாங்கியில போல் வால்வு இருக்கிற மாதிரி, தண்ணி ஏறுனா அது மெஷினையே நிப்பாட்டிரும். எங்க வீட்டுல அது இல்ல, கட்டில் மெத்தைய தூக்கி வீசுன பொறகு தான் போட்டோம். இருக்கிறவங்க வருசத்துக்கு ரெண்டு தடவ மெஷின் ஓடும் போதே யாரையாவது விட்டு அந்தத் தட்டுல கொஞ்சமா தண்ணி ஊத்திப் பாருங்க, நிக்கலன்னா அந்த சுவிட்ச் இருந்தும் இல்லாத மாதிரி தான்.

பில்டர் வேல லேசு, ஆனா லேசுன்னு தான் எல்லாரும் விட்டுருவாங்க. கழுவுற வல பில்டர்னா மாசத்துக்கு ஒருக்கா, பக்கத்துல ரோட்டு வேல நடந்தாலோ அடுப்படியில வெறகு எரிச்சாலோ ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா, ஹொஸ் பைப்ப சுத்தமான பக்கம் இருந்து அழுக்குப் பக்கத்துக்கு அடிக்கணும், கூட கொஞ்சம் பாத்திரம் கழுவுற லிக்விட் போதும். மடிப்பு மடிப்பா பேப்பர் மாதிரி இருக்கிறத கழுவவே கூடாது, மாத்தணும், ஃபிரேம்ல சைஸும் அம்புக்குறியும் இருக்கும், அம்பு மெஷின் பக்கம் பாக்கணும். நம்ம ஊர் பிரச்சன என்னன்னா காயாது. மழை நாள்ல வாசல்ல வெச்சா ரெண்டு நாளானாலும் ஈரமா தான் இருக்கும், அவசரப்பட்டு ஈரத்தோட மாட்டுனா ஒரு வாரத்துல வீடு முழுக்க நனஞ்ச சாக்கு நாத்தம். அதனால பில்டர் ரெண்டு செட் வெச்சுக்குங்க, ஒண்ணு காயும் போது ஒண்ணு ஓடும்.

பில்டர் அடைச்சா காத்து கொறையும், காத்து கொறஞ்சா கொயில் ஐஸ் கட்டும், ஐஸ் உருகுனா திரும்ப அதே தண்ணி கத. கிறிலால காத்து வரவே இல்ல, பைப்புல வெள்ளையா ஐஸ் தெரியுதுன்னா குளிர ஓஃப் பண்ணிட்டு ஃபேன மட்டும் ஓட விடுங்க, தானா உருகட்டும். கத்தி, ஸ்குரூட்ரைவர் வெச்சு சொரண்டுன ஒருத்தர எனக்குத் தெரியும், கொயில்ல ஓட்ட விழுந்து அந்த செலவுக்கு ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கியிருக்கலாம். இதே காரணத்துக்காக ஆள் இல்லாத ரூம் கிறில் எல்லாத்தையும் மூடி வெக்கிற பழக்கமும் வேணாம், ஒண்ணு ரெண்டு பரவால்ல, பாதிக்கு மேல மூடுனா மெஷினுக்கு மூச்சு முட்டும்.

டக்ட்ட வருசத்துக்கு ஒருக்காவது போய்ப் பாருங்க. எலி, அணில், வௌவால் மூணுக்கும் சீலிங்குக்கு மேல தான் குடித்தனம், டக்ட்ல சுத்தியிருக்கிற பஞ்ச எலி பிச்சு கூடு கட்டிரும், பிஞ்ச எடத்துல குளிர்ந்த தகரம் ஈரக்காத்து பட்டு வேர்க்கும், அந்தத் தண்ணி சீலிங்ல பழுப்பு வட்டமா எறங்கும், நீங்க திரும்ப கூரை பாஸ கூப்பிடுவீங்க. ஜொயின்ட்ல காத்து ஒழுகுதான்னு பாக்க எங்க அம்மா சாமி ரூம்ல இருந்து ஒரு ஊதுபத்தி எடுத்துட்டுப் போவேன், ஃபேன் ஓடும் போது ஜொயின்ட் பக்கத்துல புடிச்சா நல்ல எடத்துல புக நேரா போகும், ஒழுகுற எடத்துல சிதறும். பஞ்சு பக்கத்துல நெருப்பு, கவனம். அடைக்க எலுமினிய ஃபொயில் டேப் தான் வாங்கணும், துணி டேப் கொஞ்ச நாள்ல காஞ்சு உரிஞ்சு தொங்கும்.

அவுட்டோர சுத்தி ரெண்டடி எடம் விடுங்க, டேர்பன்டைன் மரத்து எல, புல்லு எல்லாம் அள்ளிப் போடுங்க. பிரேக்கர ஓஃப் பண்ணிட்டு ஹொஸ் பைப்பால மெதுவா கழுவலாம், வாகனம் கழுவுற பிரஷர் வோட்டர் அடிச்சா அந்த மெல்லிசு தகடெல்லாம் மடிஞ்சு போகும். மழைக்கு நனையுதேன்னு பொலித்தீன் சுத்தாதீங்க, அது நனையத் தான் செஞ்சது, சுத்தி வெச்சா உள்ள ஈரம் தங்கி துரு புடிக்கும், எலிக்கும் வாடகையில்லா வீடு. பல்லியும் எறும்பும் கரண்ட் போர்டுக்குள்ள போய் சோர்ட் ஆக்குறது நம்ம பக்கம் சாதாரணம், வயர் போற ஓட்டைய சீல் பண்ணி வெச்சா பாதி தல வலி கொறையும். ஆனா அந்த மூடியத் தொறக்கிற வேல உங்களுக்கு இல்ல, உள்ள இருக்கிற கெப்பாசிட்டர் கரண்ட் நிப்பாட்டுன பொறகும் அடிக்கும்.

செட்டிங் விசயம். 18ல வெச்சா சீக்கிரம் குளிரும்னு நெனைக்கிறது தப்பு, அதே வேகத்துல தான் குளிரும், நிக்காம ஓடும் அவ்வளவு தான். கண்டிக்கு 25, 26 போதும். ஃபேன ஓட்டோல வெயுங்க, ஓன்ல வெச்சா கொம்ப்ரசர் நின்ன பொறகும் ஃபேன் சுத்தி கொயில்ல இருக்கிற ஈரத்த திரும்ப ரூமுக்கே அனுப்பும். இன்னும் வாங்கலன்னா ஒண்ணு சொல்றேன், கொழும்பு வெக்கைக்குப் போடுற கணக்குல பெரிய மெஷின் வாங்கி வெக்காதீங்க. பெருசு அஞ்சு நிமிசத்துல குளிர வெச்சுட்டு நின்னுரும், ஈரத்த எடுக்க அதுக்கு நேரம் கெடைக்காது, ரூம் குளிரா இருக்கும் ஆனா தலகாணி பிசுபிசுக்கும். பூட்டிக் கெடக்கிற வீடுன்னா வாரத்துக்கு ஒருக்கா போய் அர மணித்தியாலமாவது ஓட விடுங்க.

ஏப்ரல்லயும் ஒக்டோபர் நவம்பர்லயும் பின்னேரம் இடி வரும்னு ஊருக்கே தெரியும், வானம் கறுத்தவொடனே பிரேக்கர எறக்கிருங்க. கரண்ட் போய் வந்தா ஒடனே போடாம அஞ்சு நிமிசம் பொறுங்க, நீங்க வீட்டுல இல்லாத நேரத்துக்கு டிலே உள்ள வோல்டேஜ் ப்ரொடெக்டர் ஒண்ணு மாட்டி வெயுங்க.

நுவரெலியா பக்கம் பழைய தோட்டத்து பங்களா சிலதுல இதே டக்ட் சிஸ்டத்த சூடு தர்ற மாதிரி போட்டிருக்காங்க. ஜனவரி பெப்ரவரி விடியக்காலையில 10 டிகிரிக்குக் கீழ போகும், சில நாள் கொழுந்தையே கருக்கிற பனி. அந்த நேரம் அவுட்டோர் கொயில்ல பனி புடிக்கும், மெஷின் தானா சூட்ட நிப்பாட்டி அத உருக்கும், உருகும் போது ஆவி கெளம்பும். ஒரு விடியக்காலையில அப்படி ஒரு பங்களா வாட்ச்சர் எனக்கு கோல் எடுத்து "தம்பி, மெஷின் பத்துது, தண்ணி ஊத்தவா"ன்னு கேட்டாரு. பத்தல, ஆவி தான், அஞ்சு பத்து நிமிசத்துல நின்னு திரும்ப சூடு வரும். அடிக்கடி வந்து ஐஸ் கட்டி கட்டியா நின்னா மட்டும் ஆள கூப்பிடுங்க.

ஆள கூப்பிடுறதுன்னா மார்ச் வெயிலுக்கு முன்னால, பெப்ரவரியிலயே கூப்பிடுங்க. வந்தவொடனே "கேஸ் கொறஞ்சிருக்கு, கொஞ்சம் அடிச்சு விடுறேன்"னு சொன்னா நின்னு கேளுங்க. அது சமையல் கேஸ் மாதிரி எரிஞ்சு தீர்ற சாமான் இல்ல, மூடின பைப்புக்குள்ள சுத்திக்கிட்டே இருக்கும், கொறஞ்சா எங்கயோ ஒழுகுதுன்னு அர்த்தம், ஒழுக்க கண்டுபுடிச்சு அடைக்காம அடிச்சா அடுத்த வருசமும் அதே பில். என்ன கேஸ்னு அவுட்டோர் ஸ்டிக்கர்ல இருக்கும், ஆர்22, ஆர்410ஏ, ஆர்32, ஒண்ணுக்கு ஒண்ணு மாத்தி அடிக்க முடியாது, ஆர்32 கொஞ்சம் பத்தக்கூடியதும் கூட. ஆர்22 மெஷின் வெச்சிருக்கிறவங்க, ஓசோன் படலத்தக் காப்பாத்த போட்ட 1987 மொன்ட்ரியல் ஒப்பந்தக் கணக்குப்படி நம்மள மாதிரி நாடுகளுக்கு 2030ஓட அது ஏறக்குறைய முடிவு, அதுக்கு இப்ப பெரிய செலவு பண்ணாதீங்க. அவரு வர்றதுக்கு முன்னால நீங்களே ஒரு சமையல் தெர்மோமீட்டர ரிட்டர்ன்லயும், பெட்டிக்குக் கிட்ட இருக்கிற ரூம் கிறில்லயும் புடிச்சுப் பாருங்க, மெஷின் ஓடி கால் மணித்தியாலம் கழிச்சு ரெண்டுக்கும் 8ல இருந்து 12 டிகிரி வித்தியாசம் இருந்தா கேஸ்ல அனேகமா குத்தம் இல்ல.

இத எல்லாம் எப்ப செஞ்சோம்னு ஞாபகம் நிக்காது, போன்ல ரிமைண்டர் வெச்சா தள்ளி விட்டுருவோம். நான் ரிட்டர்ன் கிறில் உள்பக்கத்துல பென்சிலால திகதி எழுதிருவேன், பில்டர், வினாகிரி, மிதவன்னு. போன மாசம் தொறந்து பாத்தா அதுக்குக் கீழ பெரியம்மா பால்காரன் கணக்கையும் எழுதி வெச்சிருக்காங்க.