ஜே-1 விசாவுக்குப் போகும் மலையகப் பிள்ளைகளுக்கு: முதலில் பெயரைப் பாருங்கள்

அமெரிக்கப் பல்கலைக்கழகமொன்றில் பரிமாற்றத் திட்டத்தில் (அதற்கான விசாதான் ஜே-1) இடம் கிடைத்துவிட்டால், ஊரில் எல்லாரும் கேட்பது "இன்டர்வியூ எப்ப?" என்றுதான். ஆனால் தோட்டத்திலிருந்து போகிறவர்களுக்குச் சிக்கல் அங்கே தொடங்குவதில்லை. அது பாஸ்போர்ட்டில் தொடங்குகிறது.

படிமுறை இவ்வளவுதான். உங்களை எடுக்கும் பல்கலைக்கழகம், அதாவது ஸ்பொன்சர், உங்களை எடுத்ததற்கான சான்றாக டிஎஸ்-2019 படிவத்தை அனுப்பும். மின்னஞ்சலில் வரும் பிடிஎஃப் பிரதியும் செல்லுபடியாகும். செவிஸ் என்பது வெளிநாட்டு மாணவர் பற்றி அமெரிக்க அரசு வைத்திருக்கும் கணினிப் பதிவு. படிவத்திலுள்ள செவிஸ் இலக்கத்தை வைத்து, அந்தப் பதிவுக்கான ஐ-901 கட்டணம் கட்ட வேண்டும். மாணவர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் அது 220 டொலர். இன்டர்வியூவுக்குக் குறைந்தது 3 வேலை நாட்களுக்கு முன் கட்டி, ரசீதை அச்செடுங்கள். பிறகு இணையத்தில் நிரப்பும் விசா விண்ணப்பமான டிஎஸ்-160 படிவம், 185 டொலர் விசாக் கட்டணம், கொள்ளுப்பிட்டித் தூதரகத்தில் இன்டர்வியூ. அமெரிக்க அரசே நடத்தும் திட்டமாகி, டிஎஸ்-2019 இல் உள்ள திட்ட இலக்கம் ஜி-1, ஜி-2, ஜி-3 அல்லது ஜி-7 என்று தொடங்கினால் ஐ-901 கட்டணம் இல்லை.

இனிப் பெயர். நம் பிறப்புச் சான்றிதழில் பிள்ளையின் பெயர் ஒரு கட்டத்தில், தகப்பன் பெயர் இன்னொரு கட்டத்தில். அடையாள அட்டையில் இரண்டும் சேர்ந்து நிற்கும். பரீட்சைத் திணைக்களச் சான்றிதழில் தகப்பன் பெயர் ஒற்றை எழுத்தாகச் சுருங்கிவிடும். சிங்களத்தில் பதிந்ததை ஆங்கிலத்துக்கு மாற்றும்போது முத்தையாவுக்கு ஓரிடத்தில் ஒரு டி, இன்னோரிடத்தில் இரண்டு டி, வேறோரிடத்தில் டி-யோடு எச். இங்கே இதற்கெல்லாம் ஒரே மருந்துதான்: சமாதான நீதவானிடம் போய் "இவ்விரு பெயர்களும் என்னையே குறிக்கும்" என்று சத்தியக் கடதாசி முடிப்பது. வங்கிக்கும் ஈபிஎஃப் காசு எடுக்கவும் அதை வைத்துச் சமாளித்த பழக்கத்தில், விசாவுக்கும் அது போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். போதாது. அங்கே பாஸ்போர்ட்டில் இருப்பதுதான் பெயர். கோப்பில் எத்தனை சத்தியக் கடதாசி வைத்தாலும் டிஎஸ்-2019 இல் உள்ள பிழை பிழையாகவே இருக்கும்.

பாஸ்போர்ட்டின் படப்பக்கத்தை எடுத்து, அடியில் ஓடும் இரண்டு வரிகளில் மேல்வரியைப் பாருங்கள். எல்கேஏ என்ற எழுத்துகளுக்குப் பிறகு குடும்பப் பெயர், அடுத்து இரண்டு அம்புக்குறி, அதன்பின் மற்றப் பெயர். இப்படி இருந்தால் நல்லது. ஒரே பெயர் வந்து, வரி முடியும்வரை வெறும் அம்புக்குறிகளாக இருந்தால் உங்களுக்குப் பதிவில் இருப்பது ஒற்றைப் பெயர். அப்போது டிஎஸ்-160 இல் அந்தப் பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் எழுதி, மற்றக் கட்டத்தில் எஃப்என்யூ என்று போடச் சொல்கிறார்கள். முதற்பெயர் தெரியாது என்பதன் சுருக்கம் அது. விசாவிலும் அப்படியே அச்சாகும். அதன்பிறகு வங்கி, சாரதி அனுமதிப்பத்திரம், பல்கலைக்கழக அட்டை என்று போகும் இடமெல்லாம் உங்கள் முதற்பெயர் எஃப்என்யூ ஆகிவிடலாம். அங்கே போய் இதை அவிழ்ப்பது பெரிய தலையிடி. ஆகவே பாஸ்போர்ட் இன்னும் எடுக்காதவர்கள் விண்ணப்பத்திலேயே இரண்டு கட்டத்தையும் நிரப்புங்கள். எடுத்தவர்கள், டிஎஸ்-2019 கேட்பதற்கு முன் கண்டி அலுவலகத்திலோ பத்தரமுல்லையிலோ திருத்த முடியுமா என்று கேளுங்கள். அதற்குமுன் பிறப்புச் சான்றிதழைத் திருத்த வேண்டி வந்தால் பிரதேச செயலகத்தில் மாதக்கணக்கில் இழுபடலாம்.

ஸ்பொன்சருக்குப் பட்டச் சான்றிதழை மட்டும் அனுப்பாதீர்கள். அதைப் பார்த்து இனிஷியலோடு அடித்துவிடுவார்கள். படப்பக்கத்தையும் சேர்த்து அனுப்புங்கள். டிஎஸ்-2019 வந்ததும் பெயரை எழுத்தெழுத்தாகவும், பிறந்த திகதியை மாதம், நாள், வருடம் என்ற அவர்களின் ஒழுங்கிலும் சரிபாருங்கள். ஜூலை 4 ஏப்ரல் 7 ஆகிவிடும். பிழையிருந்தால் ஸ்பொன்சரே திருத்தித் தருவார், செவிஸ் இலக்கம் மாறாது. திருத்திய பிறகே ஐ-901 கட்டுங்கள், ஏனென்றால் அந்தத் தளம் செவிஸ் இலக்கம், குடும்பப் பெயர், பிறந்த திகதி மூன்றையும் கேட்கும்.

மற்றச் சான்றிதழ்களில் உள்ள எழுத்து வேறுபாடுகளை மறைக்க வேண்டாம். டிஎஸ்-160 இல் வேறு பெயர்கள் பாவித்ததுண்டா என்ற கேள்வி இருக்கிறது, அங்கே எழுதுங்கள். பெயரைத் தாய்மொழி எழுத்தில் கேட்கும் கட்டத்தில் தமிழிலேயே அடிக்கலாம். லயத்து வீட்டுக்கு வீதியும் இலக்கமும் இல்லையென்று பதற வேண்டாம்: முதல் வரியில் பிரிவும் தோட்டமும், அடுத்த வரியில் தபாலகம் உள்ள நகரம். கடைசி 5 வருடங்களில் பாவித்த சமூக ஊடகக் கணக்குகளையும் கேட்பார்கள். 2025 ஜூனிலிருந்து மாணவர், பரிமாற்ற விசா கேட்பவர்கள் அந்தக் கணக்குகளை எல்லாரும் பார்க்கத் திறந்து வைக்க வேண்டும். படிவத்தைச் சமர்ப்பித்த பின் திருத்த முடியாது. புதிதாக நிரப்பி, புதிய உறுதிப்படுத்தல் இலக்கத்தை இன்டர்வியூப் பதிவில் மாற்ற வேண்டும்.

இன்டர்வியூவில் 214(பி) என்ற சட்டப்பிரிவைச் சொல்லி மறுத்தால், திரும்பி வருவீர்கள் என்பதில் அவர்களுக்குத் திருப்தி இல்லை என்று அர்த்தம். மேன்முறையீடு கிடையாது, புதிதாகக் கட்டணம் கட்டித்தான் மறுபடி போக வேண்டும். இதற்குப் பயந்து ஏஜென்சிக்காரர் சொன்னாரென்று யாருடையதோ காணி உறுதியைக் கொண்டுபோவதும், கைமாற்று வாங்கிக் கணக்கை ஊதவைப்பதும் சுத்த மடத்தனம். லயம் கம்பனியுடையது, உறுதி இல்லை என்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பணம் யார் தருகிறார்கள் என்பது டிஎஸ்-2019 இலேயே இருக்கிறது. ஆசிரியராக இருந்தால் பாடசாலை லீவு கொடுத்த கடிதம், திரும்பி வந்து செய்யப்போகும் வேலை, இவற்றைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். ஹட்டனிலிருந்தோ பதுளையிலிருந்தோ வருபவர்கள் முதல்நாளே கொழும்பில் தங்குவது நல்லது.

விசா கைக்கு வந்ததும் அதில் 212(இ), அதாவது ஊர் திரும்பி 2 வருடம் இருக்க வேண்டும் என்ற சட்டப்பிரிவு, பற்றிய குறிப்பைத் தேடுங்கள். அமெரிக்க அரசின் அல்லது நமது அரசின் பணத்தில் போகிறவர்களுக்கு இது பொருந்தும். பொருந்தினால், இலங்கையில் மொத்தம் 2 வருடம் இருந்து முடிக்காமல், அல்லது விலக்குப் பெறாமல், எச்-1பி வேலை விசாவோ நிரந்தர வதிவிடமோ எடுக்க முடியாது.

திட்டம் தொடங்கும் திகதிக்கு 30 நாட்களுக்கு மேல் முந்திப் போனால் அமெரிக்காவுக்குள் விடமாட்டார்கள். மருத்துவக் காப்புறுதி ஒரு நோய்க்கோ விபத்துக்கோ குறைந்தது 100,000 டொலர் கொடுப்பதாகவும், காப்புறுதி கொடுக்கத் தொடங்குமுன் ஒவ்வொரு நோய்க்கும் விபத்துக்கும் நீங்கள் கையிலிருந்து கட்டும் முதற்பங்கு 500 டொலரைத் தாண்டாததாகவும் இருக்க வேண்டும். இறங்கியதும் நீங்கள் நாட்டுக்குள் வந்ததைக் காட்டும் ஐ-94 பதிவை இணையத்தில் எடுத்து, பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்கிறதா, ஜே-1 என்றும், திட்டம் நடக்கும்வரை இருக்கலாம் என்பதைக் குறிக்கும் டி/எஸ் என்றும் இருக்கிறதா பாருங்கள். பிழையென்றால் எல்லைப் பாதுகாப்புத் துறையின் அலுவலகத்தில் திருத்துவார்கள். தாமதிக்காமல் ஸ்பொன்சரிடம் போய் வந்ததைப் பதியுங்கள். அவர்கள் செவிஸில் உங்களை ஏற்றி, ஐ-94 உம் சரியான பிறகே, சம்பள வேலைக்குத் தேவைப்படும் சமூகப் பாதுகாப்பு இலக்கத்துக்கு விண்ணப்பியுங்கள்.