மைக்கில் பிழை இல்லை: வீட்டில் குரல் பதியும்போது நாம் விடும் தவறுகள்

திருகோணமலை உப்புவெளியில் இருக்கும் என் தங்கச்சி பிள்ளைகளுக்கு வரலாற்றுப் பாடம் பதிந்து அனுப்புகிறவள். போன மாதம் ஒரு நாள் இரவு எடுத்து, "அண்ணா, மைக் பழுதாப்போச்சு போல, பாடம் முழுக்க ஊம் எண்டு ஒரு சத்தம், புதுசு வாங்கத்தான் வேணும்" என்றாள். லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஒருக்கா பதிந்து பார் என்றேன். இரண்டு நிமிடத்தில் திரும்ப எடுத்தாள். சத்தம் போய்விட்டது. மைக்குக்கு ஒன்றுமே இல்லை.

பெரும்பாலானவர்கள் விடும் முதல் தவறு இதுதான்: இரைச்சல் எந்த வழியால் வருகிறது என்று பார்க்காமலே மைக்கை மாற்றுவது, இல்லாவிட்டால் சாஃப்ட்வேரால் துடைக்கப் போவது. அதற்கு முதல் வாயைத் திறக்காமல் 10 விநாடி பதியுங்கள், ஹெட்போனைப் போட்டு சத்தத்தைக் கூட்டிக் கேளுங்கள். அடித்தொண்டையில் முனகுவது போல ஊம் என்று வந்தால் அது கரண்ட். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் அந்த முனகல் 50, 100, 150 ஹெர்ட்ஸில் வந்து உட்காரும். மழை தூறுவது போல உஸ் என்று வந்தால் மைக் அளவை மிஞ்சிக் கூட்டியிருக்கிறீர்கள். மவுஸை அசைக்கும்போது மாறுகிற மெல்லிய கீச் சத்தம் கணினியின் உள்ளிருந்து வருவது. யூஎஸ்பி மைக் என்றால் வேறு போர்ட்டில், ஹப் இல்லாமல் நேரே குத்திப் பாருங்கள். இடையிடையே டிக் டிக் என்று குரல் வெட்டுப்பட்டால், கணினியால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை என்று அர்த்தம். பதியும் செயலியில் பஃபர் (ஒலியைக் கணினி தற்காலிகமாகச் சேர்த்து வைக்கும் இடம்) அளவைக் கூட்டுங்கள், பிரவுசரை மூடுங்கள்.

கரண்ட் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே ஆபத்தும் இருக்கிறது. நம் வீடுகளில் மூன்று துளை சொக்கட்டில் பேனா மூடியால் எர்த் துளையை நெம்பித் திறந்து இரண்டு பின் சார்ஜரைச் செருகுவது சர்வசாதாரணம். எர்த் இல்லாத சார்ஜரில் மிகச் சிறிய கரண்ட் லேப்டாப்பின் உலோக உடம்புக்குக் கசியும்; விரலை மெதுவாக வழுக்கினால் சில லேப்டாப்களில் ஒரு கூச்சம் தெரியும், அதுதான் மைக் வயருக்குள்ளும் புகுகிறது. உலோகத்தைக் கையால் தொட்டவுடன் முனகல் குறைந்தாலோ கூடினாலோ எர்த் சரியில்லை என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். மூன்று பின் சார்ஜர் பாவியுங்கள், இல்லையென்றால் பேட்டரியில் பதியுங்கள். இதற்கு நேரெதிரான தவறு இன்னும் மோசம்: ஸ்பீக்கர், மிக்சர், கணினி எல்லாவற்றையும் வேறு வேறு சொக்கட்டில் குத்தி, முனகல் வந்ததும் ஒன்றின் எர்த் பின்னைக் கழற்றிவிடுவது. சத்தம் நிற்கும்தான், ஆனால் உயிரோடு விளையாடாதீர்கள். எல்லாவற்றையும் ஒரே மல்டிபிளக்கில் குத்தினாலே அநேகமாக அடங்கிவிடும். மைக் வயரை கரண்ட் வயரோடு சேர்த்துக் கட்டி ஓட விடாதீர்கள், குறுக்கே கடந்தால் பரவாயில்லை.

அடுத்தது தூரம். மைக்கை மேசையின் அந்தப் பக்கம் வைத்துவிட்டு, குரல் சிறிதாக இருக்கிறதே என்று விண்டோஸில் மைக் பூஸ்டை 30 டெசிபெல்லுக்கு (சத்தத்தின் அளவைச் சொல்லும் அலகு) ஏற்றுகிறார்கள். அப்போது குரலோடு சேர்ந்து அறை முழுவதும் ஏறும். தூரத்தைப் பாதியாக்கினால் குரல் சுமார் 6 டெசிபெல் கூடும், ஒரு சதமும் செலவில்லை. ஒரு சாண் தூரத்தில், வாய்க்கு நேரே இல்லாமல் சற்றே பக்கவாட்டில் வையுங்கள், "ப" சொல்லும்போது மூச்சு மோதாது. பூஸ்டை பூச்சியமாக்கி, உரத்த இடத்தில் மீட்டர் -12 டெசிபெல் அளவில் நிற்கிற மாதிரி வையுங்கள்.

ஃபேன்! திருகோணமலையில் கச்சான் காற்றுக் காலத்தில் ஃபேனை நிறுத்தச் சொல்வது கொடுமைதான், தெரியும். ஆனால் ஃபேன் இரண்டு வழியால் கெடுக்கும். காற்று மைக்கில் நேரே மோதும். அதோடு எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் கரண்டை வெட்டி வெட்டித்தான் வேகத்தைக் குறைக்கிறது, அந்த வெட்டு ஜ்ஜ்ஜ் என்று மைக் வயரில் ஏறும். முதலில் அறையைக் குளிர வைத்து, பிறகு ஃபேனை நிறுத்தி, 10 நிமிடத் துண்டுகளாகப் பதியுங்கள். பிரிட்ஜையும் நிறுத்துங்கள், நிறுத்தும்போது மோட்டார்சைக்கிள் திறப்பைப் பிரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள், வெளியே போகும்போது அதைத் திரும்பப் போடக் கட்டாயம் நினைவு வரும். காலையில் காகம், பிறகு பாட்டுப் போட்டுக்கொண்டு வருகிற பாண் ஓட்டோ, எனவே எனக்குச் சரிவருவது இரவு ஒன்பதுக்குப் பிறகுதான். அப்போது கடல் கேட்கும். யன்னலைச் சாத்தினால் பெரும்பகுதி அடங்கும், மிச்சத்தை அப்படியே விடுங்கள்.

முட்டை அட்டையை சுவரில் ஒட்டுவதால் வெளிச் சத்தம் நிற்காது. எதிரொலிக்கும் பெரிதாக உதவாது. சீலைகள் தொங்கும் அலுமாரியைத் திறந்து வைத்து, அதன் முன்னால் இருந்து கதையுங்கள். சீமெந்துச் சுவரும் டைல்ஸ் தரையும் தரும் குகைச் சத்தம் நன்றாகக் குறையும்.

கடற்கரைப் பக்கம் வீடு என்றால் இன்னொன்று. உப்புக் காற்றில் மைக் பின் மங்கிப்போய், அசைத்தால் கரகர என்னும். ஐசோபுரோப்பைல் அல்ககோலைப் பஞ்சில் தொட்டுத் துடைத்து, காய்ந்த பிறகு செருகுங்கள்.

இவ்வளவும் செய்தபின் மிஞ்சுவதற்குத்தான் சாஃப்ட்வேர். ஆடாசிட்டி என்ற இலவச ஒலிச் செயலியில் அந்த 10 விநாடி வெறுமையைத் தேர்ந்தெடுத்து நாய்ஸ் புரொஃபைல் (இரைச்சலின் மாதிரி) எடுங்கள், பிறகு பதிவு முழுவதற்கும் நாய்ஸ் ரிடக்ஷன் போடுங்கள். எவ்வளவு குறைப்பது என்பதை நான் 6 டெசிபெல்லில் தொடங்குவேன். 30க்கு இழுத்தால் தண்ணீருக்குள் இருந்து கதைப்பது போல ஆகிவிடும், வல்லின எழுத்துகள் எல்லாம் வழுக்கும். துடைத்ததை வேறு பெயரில் சேமியுங்கள், மூலப் பதிவை அழிக்காதீர்கள். தங்கச்சியின் பழைய பாடம் ஒன்றில் முனகலோடு அவள் குரலின் அடிப்பகுதியும் போய்விட்டது, மூலப் பதிவு இல்லாததால் அந்த 40 நிமிடத்தையும் அவள் திரும்பப் பதிய வேண்டியிருந்தது.